முப்பத்தாறு ஆண்டுச் சீட்டு

தருமபுரி

அன்புள்ள தம்பிக்கு,

ஓய்வுக்காலத் திட்டம் என்பது, உழைத்துப் பெறும் வருவாய் நின்றுபோன பிறகும் ஒருவர் தமக்குப் பிடித்த முறையில் வாழ மாதந்தோறும் எவ்வளவு பணம் தேவைப்படும் என்பதைக் கணித்து, அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை உழைக்கும் காலத்திலேயே முடிவு செய்துகொள்ளும் ஏற்பாடாகும். ஐம்பது லட்சம் வேண்டும், இரண்டு கோடி வேண்டும் என்று தொகையிலிருந்து பேச்சைத் தொடங்குவோர் பலர். ஆனால் பென்னாகரத்தை அடுத்த சிற்றூரில் சொந்த வீட்டில் நான்கு ஆடுகளோடு வாழப்போகிறவருக்கும், ஒசூரில் வாடகைக் குடியிருப்பில் வாழப்போகிறவருக்கும் ஒரே தொகை எவ்வாறு பொருந்தும் என்பதை அவர்கள் விளக்குவதில்லை. எத்தகைய வாழ்க்கை என்பதைத் தீர்மானித்த பிறகே தொகையைக் கணிக்க முடியும். ஒசூர்த் தொழிற்சாலையில் முதற் சம்பளம் வாங்கியிருக்கும் இருபத்து நான்கு வயதில் அறுபது வயதின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இந்தக் கணக்கு எளிதாக இருப்பது அந்த வயதில்தான் என்பதைக் கீழ்வரும் எண்கள் காட்டும்.

தருமபுரி மாவட்டத்து மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தொடங்கியதே இம்மாவட்டத்தில்தான்; பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல், கிருஷ்ணகிரியும் தருமபுரியோடு சேர்ந்து ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், முதற் குழுக்கள் இங்கே அமைக்கப்பட்டன. அவை பிறகு வேறு சில மாவட்டங்களுக்குப் பரவி, 1997-க்குப் பின் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் சென்றன. ஒரே ஊரைச் சேர்ந்த பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒன்றுகூடிச் சிறு தொகையைச் சந்தாவாகச் செலுத்துவதும், சேர்ந்த பணத்திலிருந்து தமக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொள்வதும், கடனைத் தவறாமல் திருப்பிய பழக்கத்தைக் காட்டி வங்கியிலிருந்து பெரிய கடன் பெறுவதும் குழுவின் நடைமுறையாகும். அக்குழுக்களில் இருபத்தைந்து வயதில் சேர்ந்த பெண் இன்று அறுபதைக் கடந்திருப்பார். குழு அவருக்குக் கறவை மாடு வாங்க உதவியிருக்கும், மகளின் படிப்புக்குக் கட்டணம் தந்திருக்கும், கந்துவட்டிக்காரரிடம் செல்லாமல் காப்பாற்றியிருக்கும். முதுமைக்கென்று அதில் ஒரு ரூபாயும் ஒதுக்கப்பட்டிருக்காது. அதைக் குழுவின் குறையாகக் கொள்ளுதல் தகாது, ஏனெனில் குழு அதற்காக அமைக்கப்பட்டதன்று.

ஊரில் நடக்கும் பிற சேமிப்புகளும் இதே தன்மையுடையவையே. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டும் ஏலச்சீட்டில், மாதந்தோறும் சேரும் 1,00,000 ரூபாயை யார் அதிகத் தள்ளுக்கு, அதாவது மற்றவர்களைவிடக் குறைவாக எடுத்துக்கொள்ள, ஒப்புகிறாரோ அவருக்குக் கொடுத்து, தள்ளிய தொகையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்கின்றனர். சீட்டு இருபதாவது மாதம் முடிந்துவிடும். நகைச்சீட்டு ஓராண்டுக்குள் முடியும், தீபாவளிச் சீட்டு தீபாவளியோடு முடியும், கிடாக்குட்டி ஆடியில் விற்கப்படும். இவற்றில் எதுவும் தவறான பழக்கமன்று; கட்ட வேண்டிய நாளில் கட்டும் ஒழுக்கத்தை ஒரு மாவட்டமே இவற்றால் கற்றிருக்கிறது. குறை சேமிப்பில் இல்லை, சேமிப்பின் தவணையில் இருக்கிறது. கீரைப் பாத்தி போடும் அதே கொல்லையில் புளியங்கன்று ஒன்றை நடுவோர் எத்தனை பேர் என்பதே கேள்வி. முதுமைக்குத் தேவைப்படுவது முப்பத்தாறு ஆண்டுச் சீட்டு, அதைப் பிடித்து நடத்த ஊரில் யாரும் இல்லை.

அத்தகைய நெடுந்தவணைச் சீட்டை நாடு முழுவதற்கும் ஏற்பாடு செய்த முதல் அரசு ஜெர்மனியுடையது. தருமபுரியின் முதற் குழுக்களுக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1889-இல், பிஸ்மார்க்கின் அரசு இயற்றிய சட்டத்தின்படி தொழிலாளியும் முதலாளியும் பங்குத்தொகை செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்க, எழுபது வயதை எட்டிய தொழிலாளிக்கு ஓய்வூதியம் கிடைத்தது. எழுபது வயதை எட்டியோர் அக்காலத்தில் குறைவு என்பதால் அரசுக்கு அது பெருஞ்செலவாகவில்லை. இன்று அறுபதை எட்டும் ஒருவர் மேலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்வது இயல்பாகிவிட்டது. ஏற்பாட்டின் முழுச் சிக்கலும் அந்த நீட்சியிலிருந்தே பிறக்கிறது.

வாழ்க்கைக்கு விலை குறிக்க, மாதம் 1,000 ரூபாய்ச் செலவை ஓர் அலகாகக் கொள்வது வசதியானது. அறுபது முதல் எண்பத்தைந்து வரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மாதம் 1,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12,000 ரூபாய், வேண்டும் என்றும், சேர்த்த பணம் விலைவாசி உயர்வைக் கழித்து ஆண்டுக்கு 2 விழுக்காடு வளர்கிறது என்றும் கொண்டால், அறுபதாம் வயதில் கையில் ஏறத்தாழ இருபது ஆண்டுச் செலவு, அதாவது இன்றைய மதிப்பில் 2,40,000 ரூபாய், இருக்க வேண்டும். இந்தத் தொகையை இருபத்து நான்கு வயதில் தொடங்கிச் சேர்ப்பவர் மாதம் 385 ரூபாய் கட்டினால் போதும். விலைவாசி ஏறும் அளவுக்கு ஆண்டுதோறும் அந்தத் தவணையையும் உயர்த்திக்கொண்டே செல்ல வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முப்பத்தாறு வயதில் தொடங்குகிறவர் அதே அலகுக்கு ஏறத்தாழ 660 ரூபாயும், நாற்பத்தெட்டில் விழித்துக்கொள்கிறவர் ஏறத்தாழ 1,490 ரூபாயும் கட்ட வேண்டியிருக்கும். நாற்பத்தெட்டு வயதில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் மகளின் திருமணச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும் என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி வாழ்க்கையை அலகுகளாகப் பிரிக்கலாம். பாலக்கோடு அல்லது அரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் கடனில்லாத சொந்த வீட்டில் வாழும் கணவன் மனைவிக்கு வாடகை இல்லை. நியாயவிலைக் கடை அரிசிக்கு விலை இல்லை. நகரப் பேருந்தில் மனைவிக்குக் கட்டணம் இல்லை. மளிகை, பால், மின்கட்டணம், செல்பேசி, மருந்து, உறவினர் வீட்டு விசேடங்களுக்குப் போக்குவரத்து ஆகியவை போக, ஒரு செலவு இம்மாவட்டத்தில் தனித்துக் குறிக்கத்தக்கது: மொய். காதுகுத்து, திருமணம், மஞ்சள் நீராட்டு என்று வரிசையாக வரும் அழைப்புகளில் முன்பு வாங்கிய மொய்யைக் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் மொய்யிலிருந்து ஓய்வு பெறுவதில்லை. இவற்றையெல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால் அது பன்னிரண்டு அலகு, இருபத்து நான்கு வயதில் தொடங்கினால் மாதம் 4,620 ரூபாய். அதே தம்பதியர் தருமபுரி நகரத்திலோ ஒசூரிலோ வாடகை வீட்டில் வாழ்ந்து, ஆண்டுக்கொரு நெடும்பயணமும் சென்று, வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள விரும்பினால் இருபத்திரண்டு அலகுக்குக் குறையாது; தவணை 8,470 ரூபாய் ஆகிவிடும். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டாவது தொகை எட்டாக்கனி என்பது வெளிப்படை. எந்த வைப்பில் எத்தனை விழுக்காடு வட்டி என்று ஆராய்வதைவிட, முதுமையில் எந்த ஊரில், எந்த வீட்டில் இருப்பது என்பதை முடிவு செய்வதே கணக்கைப் பெரிதும் மாற்றுகிறது. ஊரில் இருக்கும் ஓட்டு வீட்டை விற்காமல் பழுது பார்த்து வைத்துக்கொள்வது எந்த முதலீட்டு ஆலோசகரும் பரிந்துரைக்காத நல்ல ஓய்வூதியத் திட்டம். அதில் அவருக்குத் தரகு கிடைப்பதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மேற்கண்ட எண்கள் யாவும் இன்றைய ரூபாயில் சொல்லப்பட்டவை. பணவீக்கம், அதாவது பொருள்களின் விலை ஆண்டுதோறும் உயர்ந்து பணத்தின் வாங்கும் திறன் தேய்வது, ஆண்டுக்கு 6 விழுக்காடாக நீடித்தால், 72-ஐ 6-ஆல் வகுத்துக் கிடைக்கும் பன்னிரண்டு ஆண்டுகளில் விலை இருமடங்காகும் என்பது கணக்காளர்கள் கையாளும் எளிய வாய்ப்பாடு. இருபத்து நான்குக்கும் அறுபதுக்கும் இடையில் முப்பத்தாறு ஆண்டுகள், எனவே மூன்று முறை இரட்டிப்பு, மொத்தம் எட்டு மடங்கு. இன்று 12,000 ரூபாயில் நடக்கும் குடும்பம் அன்று நடக்க 96,000 ரூபாய் வேண்டும். தம்பி, இந்த எட்டு என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்திருந்தால், இனி வரும் திட்டங்கள் ஒவ்வொன்றின் உண்மை எடையையும் உன்னால் நிறுத்துப் பார்த்துக்கொள்ள முடியும்.

தமிழ்நாடு அரசு 1962 முதல் வழங்கிவரும் முதியோர் உதவித்தொகை, ஊர்வழக்கில் ஓ.ஏ.பி. பணம், 2023-இல் மாதம் 1,000-இலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்ற முதியவருக்கு அது உயிர்காக்கும் தொகை; திட்டமிடும் இளைஞர் அதைத் தம் கணக்கில் சேர்க்கக் கூடாது. நடுவண் அரசு 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாத, பதினெட்டு முதல் நாற்பது வயதுக்கு உட்பட்ட எவரும் வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கின் வழியே சேரலாம். அறுபது வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெற, பதினெட்டு வயதில் சேர்ந்தவர் 210 ரூபாயும், இருபத்து நான்கில் சேர்ந்தவர் 346 ரூபாயும், நாற்பதில் சேர்ந்தவர் 1,454 ரூபாயும் மாதந்தோறும் கட்ட வேண்டும். சந்தாதாரர் இறந்தால் அதே தொகை வாழ்க்கைத்துணைக்குத் தொடரும், அவருக்கும் பின் சேர்ந்த முதல் நியமனதாரருக்குப் போகும். தாமதத்தின் விலையை 210-க்கும் 1,454-க்கும் உள்ள இடைவெளியே சொல்லிவிடுகிறது. எனினும் எட்டால் வகுத்தால் அந்த 5,000 ரூபாய் இன்றைய 625 ரூபாய்க்கே சமம். திட்டத்தில் சேர வேண்டாம் என்பது இதன் பொருளன்று, ஏனெனில் 346 ரூபாய்த் தவணையும் மாறாமல் நின்று ஆண்டுக்காண்டு இலேசாகிவிடும். அதை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதே பொருள். அமைப்புசாராத் தொழிலாளருக்கும் சிறு விவசாயிகளுக்கும் 2019-இல் வந்த மான்தன் திட்டங்கள், வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டி, அரசும் அதே அளவு செலுத்த, அறுபதில் 3,000 ரூபாய் தருபவை. அவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

இம்மாவட்டத்துப் பெண்களைப் பொறுத்தவரை இங்கே ஒரு வாய்ப்பு கவனிக்கப்படாமல் கிடக்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தொடங்கிவைத்த இடம் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர். அத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் தம் பெயரிலுள்ள கணக்கிலேயே வந்து சேரும் இருபத்தைந்து வயதுப் பெண், அதிலிருந்து 376 ரூபாயை அடல் திட்டத்துக்குத் தானாகவே பிடித்துக்கொள்ளும்படி வங்கிக்கு எழுதிக்கொடுத்தால், கையில் 624 ரூபாய் மிஞ்சும், அறுபதில் தம் பெயரில் ஒரு வருவாயும் இருக்கும். உன் அண்ணிக்கு இதை எடுத்துச் சொல்வதற்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. வங்கிக்கு ஒருநாள் உடன்சென்றால் போதும்.

ஒசூர், பெங்களூரு, திருப்பூர் ஆலைகளுக்குச் செல்லும் தருமபுரி இளைஞருக்கு உள்ள பெரிய செல்வம் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிதான், ஊர்வழக்கில் பி.எஃப். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால், தொழிலாளியின் 12 விழுக்காடாகிய 1,800 ரூபாயும், நிறுவனத்தின் பங்கிலிருந்து 550 ரூபாயும் நிதிக் கணக்கில் சேர, நிறுவனப் பங்கின் மீதி 1,250 ரூபாய் 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. நிதிக் கணக்குக்கு 2024-25 ஆண்டுக்கு வழங்கப்பட்ட வட்டி 8.25 விழுக்காடு, அதாவது மேலே கொண்ட பணவீக்கத்தைவிட இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல் அதிகம். எனவே மாதம் சேரும் 2,350 ரூபாய், சம்பளத்தோடு தானும் ஏறி, முப்பத்தாறு ஆண்டுகள் தொடப்படாமல் கிடந்தால் ஆறு அலகுகளைத் தந்துவிடும். ஊர் வாழ்க்கைக்குத் தேவையான பன்னிரண்டில் இது சரிபாதி. 'தொடப்படாமல்' என்பதில்தான் இடர்ப்பாடு. இரண்டாண்டுக்கு ஒரு நிறுவனம் மாறுவோர் ஒவ்வொரு முறையும் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்து, அதை இரு சக்கர வண்டிக்கோ தங்கையின் சீர்வரிசைக்கோ செலவிட்டுவிட்டுப் புதிய இடத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றனர். ஒருவருக்கு ஒரே பொதுக் கணக்கு எண் வழங்கப்படுவதே பழைய இருப்பைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதற்காகத்தான்.

பணத்தை எடுப்பதால் நேரும் இன்னொரு இழப்பு வெளியே தெரிவதில்லை. ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது அதன் சூத்திரம். ஒவ்வொரு முறையும் ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிடுகிறவருக்குப் பணிக்காலம் அறுந்துபோகிறது. மொத்தம் முப்பதாண்டு உழைத்தவரும் பத்தாண்டு காட்ட முடியாமல் நிற்க நேரிடும். உடனே வேறு வேலை இல்லாதவர் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் அந்த ஆண்டுகள் பிற்காலப் பணியோடு சேர்க்கப்படும். ஆயினும் இந்த ஓய்வூதியத்தின் அளவையும் மிகையாக எண்ணிவிடக் கூடாது. 2014 முதல் உள்ள 15,000 ரூபாய் ஊதிய வரம்பின்படி முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவருக்குக் கிடைப்பது 7,500 ரூபாய். அது விலைவாசிக்கேற்ப உயராதது. வரம்பு இப்படியே இருந்தால் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஓர் அலகுதான்.

எஞ்சிய ஐந்து அலகுகளுக்கு மாதம் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்க்க வேண்டும். அதற்குமுன் கடன் தீர வேண்டும். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்று ஊரில் சாதாரணமாகச் சொல்லப்படுவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. அதை வைத்துக்கொண்டு 7 விழுக்காட்டுக்குச் சேமிப்பதால் மாதந்தோறும் இழப்பே பெருகும். கடன் தீர்ந்த பின், அஞ்சலகத்திலும் வங்கியிலும் கிடைக்கும் பொது வருங்கால வைப்பு நிதி, ஆண்டுக்கு 500 முதல் 1,50,000 ரூபாய் வரை பதினைந்து ஆண்டுகளுக்குக் கட்டக்கூடியது, 2020 ஏப்ரலிலிருந்து 7.1 விழுக்காடு வட்டி தந்து வருகிறது. அதில் சேர்வது எளிது, எடுப்பது கடினம், முதுமைச் சேமிப்புக்கு அந்தக் கடினமே நன்மை. நிறுவனப் பங்குகளில் பலருடைய பணத்தைத் திரட்டி இடும் பரஸ்பர நிதிகளில் மாதத் தவணையாக ஒரு பகுதி இடுவது நெடுங்காலத்தில் கூடுதல் வளர்ச்சி தரக்கூடும். ஆனால் 2008-இல் மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடு ஒரே ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே சரிந்ததைப் போன்ற ஆண்டு, ஒருவரின் ஐம்பத்தொன்பதாம் வயதில் வந்துவிட்டால் மீள அவருக்குக் காலம் இராது. ஆகவே ஐம்பதைக் கடந்த பிறகு அந்தப் பகுதியைச் சிறிது சிறிதாக நிலையான வைப்புகளுக்கு மாற்ற வேண்டும். இவற்றுக்கு வெளியே மாதம் ஐந்து, பத்து விழுக்காடு தருவதாக வரும் அழைப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஈமு கோழிப் பண்ணைகளில் கொங்கு வட்டாரம் 2012-இல் இழந்த பணம் அண்மைக்கால வரலாறு.

நிலத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் சிற்றூர்களில் வாழும் இம்மாவட்டத்தில் முதுமைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் 'கொல்லை இருக்கிறது' என்பதே பலரது விடை. மானாவாரிப் புன்செய் நிலம் சொத்துதான், ஆனால் மாத வருவாய் அன்று. மழை பொய்த்தால் சாமையும் கேழ்வரகும் வீட்டுக்கே போதாது. பாலக்கோட்டுத் தக்காளி விலை சரியும் பருவங்களில் பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் செடியிலேயே விடப்படுகிறது. எழுபது வயதில் ஏர் பிடிப்பவர் யார் என்ற கேள்வியும் உண்டு. மாவும் புளியும் இவற்றுள் சற்று மேலானவை, ஆள்வலிமை குறைவாகக் கேட்பவை, குத்தகைக்கு விடத் தக்கவை. நாற்பது வயதில் நட்ட மரம் அறுபதில் சிறு ஓய்வூதியமாக அமையும்.

நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மாதத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்துச் சாப்பிடும் பெற்றோர் ஊருக்கு ஊர் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அதன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிப்பு மறுக்கப்பட்டால் செல்லாததாக அறிவிக்க வழி செய்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையிலான தீர்ப்பாயத்தில், தருமபுரியிலோ அரூரிலோ, மனு கொடுக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருந்தால்தான் வழக்கு எளிதாகும். பெற்றோர் செட்டில்மெண்ட் எழுதப் பத்திர அலுவலகம் செல்லும் நாளில் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்க வேண்டியவர் மகனே. அதைவிட மேலான வழி, எழுதிக்கொடுக்காமல் உயில் எழுதி வைப்பது. உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

உடல் நலத்துக்கான ஒதுக்கீடு இம்மாவட்டத்தில் வேறிடங்களைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருந்த ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறையினர் பலருக்குப் பற்களில் கறையும், சிலருக்கு எலும்பு இறுகி மூட்டுகள் வளையாத நிலையும் ஏற்பட்டன. அதைத் தடுக்கவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் செயற்பாட்டுக்கு வந்தது. கல் உடைத்தவர், சூளையில் உழைத்தவர் முதலியோருக்கு வேலை நிற்கும் வயது அறுபதாக இராமல் ஐம்பதாகவே இருப்பதுண்டு; அவர்கள் தம் கணக்கை அந்த வயதிலிருந்து போட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5,00,000 ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தொழிற்சாலைச் சம்பளத்தால் வருமான வரம்பைத் தாண்டிவிடுகிறவர் மட்டும் இளமையிலேயே தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும், நோய் வந்த பின் எடுக்கப்போனால் கட்டணமும் காத்திருப்புக் காலமும் கூடிவிடும்.

இதுவரை போட்ட கணக்கில் ஒரு குறை வேண்டுமென்றே விடப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் என்பது கணவனின் வயதைக் கொண்டு எண்ணியது. மனைவி நான்கு வயது இளையவராக இருந்து எண்பத்தெட்டு வரை வாழ்ந்தால், பணம் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு வர வேண்டும். ஓர் அலகுக்கு இருபது ஆண்டுச் செலவு என்றது இருபத்து மூன்றரையாக உயரும். கடைசி ஆண்டுகளில் ஒருவர் செலவுதானே என்று அதைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஆண்டுகளில்தான் வருவாயும் குறைகிறது: தொழிலாளர் ஓய்வூதியத்தில் கணவனின் மறைவுக்குப் பின் மனைவிக்கு வருவது பாதியே. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வாழ்க்கைத்துணையைச் சேர்த்து இணைக் கணக்காகத் தொடங்கலாம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்குக்கு வந்துவிடும். வீட்டுப் பட்டாவில் இருவர் பெயரும் இருக்கலாம். வைப்பு நிதிக் கணக்கில் இப்போது நியமனதாரராக உன் தாயின் பெயர் இருக்கும்; திருமணம் ஆன மாதத்திலேயே அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலும் வங்கிக் கணக்கில் உள்ள எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்.

அன்புடன்